கேசிங்குக்கு இரண்டாவது சோறு

சென்னப்பன் போர்வெல் வண்டியில் ஏறியபோது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். மழையை நம்பி உழுது உழுது அலுத்துப்போய், 'நாலு காசு பார்த்துட்டு வந்துடறேன்' என்று கிளம்பினவன்தான். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துக்கொண்டு திரிந்தான். அங்கே மழை பிடித்து வேலை நின்றால் வண்டி ஊர் திரும்பும். அந்த இரண்டு மாதம்தான் வீடு. மற்றதெல்லாம் போன் பேச்சு. பதினெட்டு வருஷம் இப்படியே ஓடிப்போனது. சொந்த வீட்டில் விருந்தாளியாகிப் போனான் மனுஷன்.

விருந்தாளி என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அவன் வந்து இறங்கினதும் மனைவி கலைச்செல்வி ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போடுவாள். அவளும் மகள் வெண்மதியும் களி தின்பார்கள். அவனுக்கு மட்டும் அரிசிச் சோறு, கோழிக் குழம்பு. முதல் தட்டு அவனுக்குத்தான். அவன் கை கழுவிய பிறகு இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்து களியை உருட்டிக்கொண்டே என்னமோ பேசிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் போய் உட்கார வேண்டும் என்று அவனுக்கு மனசு அடித்துக்கொள்ளும். எழுந்து போனால் சிரிப்பு நின்றுவிடும்.

"என்னங்க, தண்ணி வேணுங்களா?" என்பாள் கலைச்செல்வி.

ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்துவிடுவான்.

வீட்டு நாய் கருவாயன் இருக்கிறதே, அது இன்னும் மோசம். செவலை உடம்பு, கரி பூசின மாதிரி மூஞ்சி. வீட்டைக் கட்டினவனையே வருஷா வருஷம் வாசலில் நிறுத்தி வைத்துக் குரைக்கும். வெண்மதி ஓடி வந்து, "டேய், அப்பாடா!" என்று அதட்டினால்தான் வழி விடும். அவனுக்கு அவமானமாக இருக்கும்.

இந்த ஆடியில் அவன் தனியாக வரவில்லை, கேசிங்கோடு வந்தான். ராய்ப்பூருக்கு அப்பால் ஒரு கேம்ப்பில், போர் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப்புக்குள் மழைக்கு ஒண்டிக் கிடந்த நாய்க்குட்டி அது. வண்டிக்காரர்கள் பைப்பின் பேரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சென்னப்பன் தட்டில்தான் தின்னும், அவன் காலடியில்தான் படுக்கும். லாரியிலேயே கூட்டி வந்துவிட்டான். இனிமேல் வண்டிக்குப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தான். அதனால்தான் நாயை அங்கே விட மனசு வரவில்லை. ஆனால் முடிவை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. 'போகாதீங்க' என்று கலைச்செல்வி ஒரு வார்த்தை சொல்லட்டும், அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று ஆசை. இரண்டு மாடு, சாமந்தித் தோட்டம், சொசைட்டிக்குப் பால் என்று எல்லாவற்றையும் அவளே ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் தனக்கு ஒரு இடம் உண்டா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

கேசிங்கை வீட்டில் நன்றாகத்தான் வரவேற்றார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"பாவங்க, எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்குது" என்று கலைச்செல்வி முதல் கவளத்தைக் கேசிங்குக்கு வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் இலை போட்டே பழகின கை, நாய்க்கு மட்டும் வேறு சட்டம் என்று அதற்கு எப்படித் தெரியும்? கருவாயன் ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான், பாய்ந்துவிட்டது. கேசிங்கின் காது கிழிந்து ரத்தம். சென்னப்பன் விறகுக்கட்டையை எடுத்துக் கருவாயன் முதுகில் ஒன்று வைத்தான். அடி வாங்கின ஆத்திரமும் சேர்ந்து அது மறுநாள் இன்னும் பலமாகக் கடித்தது. அதற்கடுத்த சண்டையில் விலக்கப் போன வெண்மதியின் கையில் பல் பட்டது. பிள்ளைக்கு ஊசி போட்டுக் கூட்டி வந்த கையோடு கலைச்செல்வி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இதுக்கு மேல ஆவாதுங்க. ஒண்ணு, ரெண்டும் சமாதானமாவணும். இல்லாட்டி உங்க நாயக் கொண்டுபோயி வேற எங்கயாச்சும் வுட்டுடுங்க."

'உங்க நாய்' என்றதும் சென்னப்பனுக்குச் சுருக்கென்றது. இந்த வாயில்லாத ஜீவனே இங்கே ஒட்டவில்லை என்றால் நான் எங்கே ஒட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

காதைக் காட்டக் கால்நடை மருந்தகத்துக்குக் கேசிங்கைத் தூக்கிக்கொண்டு போனான்.

டாக்டரம்மாவுக்கு வயசு சின்னது, வாய் பெரிசு. மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்: "சோறு மொதல்ல யாருக்கு வெக்கறீங்க?"

"புதுசுக்குத்தாங்க. வந்த நாயாச்சே."

"ஏங்க, இதென்ன மாப்பிள்ளையா, மொத பந்தியில உக்கார வெக்க? பழசுக்கு மொதல்ல வையுங்க. இது பாத்துக்கிட்டே காத்திருக்கட்டும். தடவிக் குடுக்கறதும் பழசத்தான் மொதல்ல, வாசல்ல வுடறதும் பழசத்தான் மொதல்ல. சண்டை போட்டா அத அடிக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு ரெண்டையும் தனித்தனியா கட்டிப்போட்டு, வூட்டுக்கு வெளிய, ரெண்டுக்கும் சொந்தமில்லாத எடத்துல சேர்த்து நடத்துங்க. இதுக்கே மொதல்ல வெச்சிக்கிட்டிருந்தீங்கன்னா இது கடைசி வரைக்கும் விருந்தாளிதான். வூட்டு நாய் ஆவாது."

மொபெட்டில் திரும்பி வரும்போது அந்தக் கடைசிப் பேச்சு அவனை விடவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்கு வந்த முதல் தட்டெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. கலங்கிப்போய் வண்டியை ஓரமாக நிறுத்தினான். முன்னால் உட்கார்ந்திருந்த கேசிங் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது.

"உனக்கு வழி சொல்லிட்டாங்கடா. எனக்கு யாரு சொல்றது?" என்றான் அதனிடம்.

மறுநாள் முதல் சாயங்காலமானால் ஏரிக்கரைதான். கருவாயனின் கயிறு வெண்மதி கையில், கேசிங்கின் கயிறு அவன் கையில். முதலில் இரண்டுக்கும் நடுவே ஒரு லாரி போகிற அளவு இடைவெளி. கேசிங் முந்தப் பார்க்கும். "கயித்த விடாதீங்கப்பா! கருவாயன் முன்னால போகட்டும். உங்களுக்கு நாய் புடிக்கவே தெரியல" என்று மகள் திட்டுவாள். திட்டு வாங்க வாங்க அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது. பெற்ற பெண்ணிடம் ஏச்சு வாங்க இத்தனை காலம் ஆயிற்றே என்றும் இருந்தது. போனில் 'சாப்ட்டீங்களாப்பா' என்பதற்கு மேல் பேசாத பிள்ளை, கரையில் நடக்கும்போது பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அளந்தாள்.

நாளாக ஆக இடைவெளி குறைந்தது. வீட்டில் கருவாயனுக்கு முதல் சோறு, கேசிங்குக்கு இரண்டாவது. காதடைக்கிற பசியிலும் கேசிங் வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. ஒரு நாள் கருவாயன் தின்று முடித்து, கேசிங்கின் கிழிந்த காதை முகர்ந்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் முதுகோடு முதுகு ஒட்டிக் கேசிங்கும் படுத்தது. அதைப் பார்த்துச் சென்னப்பனுக்குச் சந்தோஷத்தோடு பொறாமையும் வந்தது. நாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எனக்கு மொதல்ல போடாத. நீங்க உக்காருங்க, அப்புறம் எனக்கும் களியே போடு."

கலைச்செல்வியின் முகம் வாடிவிட்டது. "ஏங்க, கொழம்பு நல்லா இல்லீங்களா?"

"அட, அதில்ல..."

"நாலு நாளைக்கு வர்றவருக்குக் களி போட்டாள்னு ஊரு பேசறதுக்கா?" என்று தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசி பிறந்ததும் மேனேஜர் போன் செய்தார். மழை விட்டுவிட்டதாம், வெள்ளிக்கிழமை வண்டி புறப்படுகிறதாம். 'நான் வரலைங்க' என்று சொல்லத்தான் சென்னப்பன் வாயைத் திறந்தான். கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த கலைச்செல்வி மறுபேச்சில்லாமல் பரண்மேலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள். அதைப் பார்த்ததும் வாயில் வந்தது, "சரிங்க" என்ற வார்த்தை.

வெள்ளிக்கிழமை வெண்மதி பள்ளிக்கூடம் போய்விட்டாள். வழக்கம்போலக் கலைச்செல்வி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தாள். கேசிங் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடி வந்தது. வேலியோரம் கருவாயன் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. அவன் கூப்பிட்டுக்கூடப் பார்த்தான். வாலை ஆட்டியதே தவிர ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"அது வூட்டு நாய் ஆயிடுச்சுங்க" என்றாள் கலைச்செல்வி.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. "ஒரு வார்த்த சொல்ல மாட்டியா நீ?"

"என்னன்னுங்க?"

"போகாதீங்கன்னு."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "மொத தடவ கெளம்புனீங்களே, அன்னைக்கே வாய் வரைக்கும் வந்துச்சுங்க. சொல்லியும் நீங்க போயிட்டா? அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் அந்த வூட்ல இருக்கறது? அதான் வருசா வருசம் நானே முந்திக்கிட்டுப் பைய எடுத்து வெச்சுடறது."

"அந்தப் பையப் பாத்துப் பாத்துத்தான்டி நான் போனேன்" என்றான் சென்னப்பன்.

கலைச்செல்வி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். தருமபுரி பஸ் வந்து புழுதியோடு நின்றது. "ஏறுங்கண்ணா, சீக்கிரம்!" என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். சென்னப்பன் பைக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"அவரு வரலைங்க" என்றாள் கண்டக்டரிடம், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க வண்டிய எடுங்க."