ரொக்ஸ்பரோ வரவேற்பறையில் ஒரு முழம் கம்பிக் கயிறு

1973 பிப்ரவரி, மூன்றாம் ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் ஒரு டாக்டர் வீட்டில் தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். சாப்பாட்டுக்கு முன் யாராவது இருபது நிமிடம் பேசவேண்டும். முந்தைய ஆண்டு நான் நங்கூரங்களின் வரலாற்றைப் பேசியபோது மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்கார டாக்டர். இந்த முறையும் தூங்கினால் இனி என்னை அழைப்பதாக இல்லை என்று டாக்டரின் மனைவி போனிலேயே என் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

தலைப்பு, கப்பலுக்குக் கம்பிக் கயிறு வந்த கதை. 1830களில் ஜெர்மன் சுரங்கங்களில் பிறந்த கயிறு, சில ஆண்டுகளில் கப்பலேறிப் பாய்மரத்தை இழுத்துக் கட்டும் வேலைக்குப் போனது. மாலுமிகள் நம்பவில்லை. சணல் கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும், கம்பி உள்ளுக்குள் துருப்பிடித்தால் யாருக்குத் தெரியும் என்று முனகினார்கள். வேடிக்கை என்னவென்றால், கம்பிக் கயிற்றின் நடுவிலும் பெரும்பாலும் ஒரு சணல் திரிதான் இருந்தது. அதைக் காட்டிவிட்டால் யாரும் தூங்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

துறைமுகத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர், பழைய கயிற்றில் ஒரு முழம் வெட்டித் தந்தார். இரு முனைகளிலும் மெல்லிய கம்பியை இறுக்கிச் சுற்றியிருந்தார். அதை அவிழ்க்காதே என்று இருமுறை சொன்னார். கையில் குத்தாமல் இருப்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தேதிகளைத் தேடித் தேடிப் படித்த நான், கயிற்றை வெட்டும் முறை பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டிருந்தேன்.

பதினோராவது நிமிடம் டாக்டரின் கண்கள் மூடுவதைப் பார்த்தேன். அவசரமாகக் குறடு ஒன்றை எடுத்து இரு முனைகளின் சுற்றுக்கம்பியையும் நறுக்கினேன். கயிறு என் கையிலேயே குடை போல விரிந்தது. ஆறு புரிகளும் ஆறு திசையில் துள்ளின. ஒன்று புது சோபாவைக் கவ்வியது, இன்னொன்று என் ஸ்வெட்டரை. அறை முழுக்க கிரீஸ் வாடை. நடுவில் சணல் திரி தெளிவாகத் தெரிந்தது; அதை யாரும் பார்க்கவில்லை.

டாக்டர் முழு விழிப்புடன் எழுந்தார். "சார், அசையாதீங்க. யாராவது வந்து இவரை சோபாலேர்ந்து பிரிங்க."

பிரித்த பிறகு நான்கு பொறியாளர்கள் தரையில் உட்கார்ந்து கயிற்றை மறுபடி முறுக்கத் தொடங்கினார்கள். டாக்டர் எந்தப் பக்கம் முறுக்கவேண்டும் என்று ஆணையிட்டார்; நால்வரும் ஒத்துக்கொள்ளவில்லை. சாம்பார் இருமுறை சூடாக்கப்பட்டது. கம்பிக் கயிற்றைப் பற்றி மொன்றியல் தமிழர்கள் அவ்வளவு நேரம் பேசியதாக வேறு பதிவு என்னிடம் இல்லை. மீதி ஒன்பது நிமிடத் தேதிகள் சட்டைப்பையிலேயே இருந்தன.

கிளம்பும்போது டாக்டரின் மனைவி, சோபாவின் கிழிசலைக் கையால் மூடியபடி சொன்னார்: "அடுத்த தடவையும் நீங்களே பேசுங்க. ஆனா தேதி மட்டும் கொண்டு வாங்க, போதும். தூங்கறவங்க தூங்கட்டும்."