பாய்லருக்குத் தீ வைத்த ஃபோர்மேன்

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்தவர் என் வீட்டுக்காரர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த வேலை, ஆற்றங்கரையில் இருக்கும் பழைய பம்ப் ஹவுஸைப் பார்த்துக்கொள்வது. ஒரு காலத்தில் நீராவியில் ஓடி ஊருக்கே தண்ணீர் ஏற்றிய இடம் அது.

சாப்பாடு கொண்டுபோன முதல் நாள் வாயைப் பிளந்துவிட்டேன். தண்ணீர் இறைக்கவா இவ்வளவு ஆடம்பரம்? வளைவு வைத்த உயரமான ஜன்னல்கள், செங்கல் புகைபோக்கி, தூண்கள்கூட பூவேலை செய்த இரும்பு. நடுவே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு சக்கரம், பாதி தரைக்குள். அதற்கு மேலே ஏற்றத் துலா மாதிரி ஒரு பெரிய இரும்புத் தண்டு. ஒரு முனையை நீராவி தூக்கினால் மறுமுனையில் பம்ப் இறங்கும்.

இவர் அதற்குத் தினமும் எண்ணெய் விட்டுத் துடைத்தார். என் தையல் மிஷினுக்கு ஒரு சொட்டு விட்டதில்லை. கேட்டால், "அதுக்கு நீ இருக்க. இது பாவம், ஆளில்லாம நிக்குது" என்பார்.

ஒருமுறையாவது ஓடிக் காட்டினால் காட்சிக்கூடம், இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூர் மெக்கானிக் ஒருவர் வந்து பாய்லரைச் சரிசெய்தார். பரிசோதனையும் முடிந்தது. தீ மூட்டுவதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். ஊரே தீப்பெட்டி செய்ய, இவர் தீக்குச்சியைத் தொட்டுப் பல வருடமாயிற்று. அடுப்பும் விளக்கும் என் பொறுப்பு. கம்பெனியில் மருந்து கலக்கும் அறை வெடித்த அன்று, ஆட்களை வெளியே ஓடவிட்டு வேப்பமரத்தடியில் எண்ணிப் பார்த்தவர் இவர். நான்கு பேர் குறைந்தார்கள். இதை மட்டும் நான் கேலி செய்வதில்லை.

தீ மூட்டும் நாளில் உதவிக்கு வந்ததெல்லாம் இவரிடம் வேலை பார்த்த பழைய ஆட்கள். வாசலிலேயே எல்லாருடைய தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கிக் கூடையில் போட்டார். அதிகாரியின் சட்டைப்பையைக்கூட விடவில்லை. பாய்லர் எரிக்க வந்த கூட்டத்துக்கு இப்படி ஒரு சோதனை!

மெக்கானிக் கூடையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். "அண்ணா, இத்தனை நாள் பாத்துக்கிட்டது நீங்க. நீங்களே பத்த வைங்க."

இவர் வாங்கி இரண்டு குச்சியை ஒடித்தார். பிடுங்கி நானே பற்றவைத்துவிடலாமா என்றிருந்தது. மூன்றாவது குச்சியில் பற்றியது. எண்ணெயில் நனைத்த துணி குப்பென்று எரிய, இவர் கத்தினார்: "ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

பழக்கம் விடுமா? முப்பது பேரும் ஓடினோம். ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமல் அதிகாரியும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். உள்ளே திகைத்து நின்ற மெக்கானிக்கும் கடைசியில் விறகுக்கட்டையோடு வெளியே வந்தார்.

வெளியே சிரிப்பு அடங்கவில்லை. இவர் மட்டும் விரலை நீட்டி எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருமுறை எண்ணி, மறுபடியும் எண்ணினார். சிரிப்பு தானாக நின்றது.

"எல்லாரும் இருக்காக," என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. "ஒருத்தரும் கொறையல."

"ஆமாங்க. எல்லாரும் இருக்கோம்," என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீ அணைந்துவிடப் போகிறதே என்று உள்ளே ஓடினார்.