பூஜ்யம் பார்த்த ஆட்டம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினான்கு வருஷமாக லென்ஸ் தேய்த்துவந்தவள் அவள். முன்பக்கம் வந்து ஃபிரேம் மாட்டிப் பார்க்கிற யாருக்கும் அவளைத் தெரியாது. வட்டமாக வந்து சேரும் லென்ஸில் பேனாவால் நடுப்புள்ளி வைத்து, தண்ணீர் சொட்டும் மெஷினில் விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் அழுத்துவாள். லென்ஸ் உட்காரும்போது வரும் சின்னச் சத்தத்தை வைத்தே அளவு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வயது முப்பத்தொன்பது. இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள்.

கால்பந்து என்றால் அவளுக்கு உயிர். ஊர் அணியில் யாருக்கு எந்த முட்டி வலிக்கிறது, பெனால்டி அடிக்கும்முன் யார் எந்தப் பக்கம் பார்ப்பான் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். ஆனால் ஒன்பது வருஷமாக மைதானத்துப் பக்கம் போனதில்லை. டிவியில்கூட நேரடியாகப் பார்க்க மாட்டாள். முடிவு தெரிந்த பிறகுதான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மறுஒளிபரப்புக்கு முன்னால் உட்காருவாள்.

காரணம் ஒரு பட்டப்பெயர். பதினோரு வயதில் அண்ணன் முதல்முறையாக அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனான். அணி நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. அடுத்தமுறை ஒன்றுக்குப் பூஜ்யம். மூன்றாம்முறை இரண்டு பக்கமும் கோலே விழவில்லை. "ஏய் பூஜ்யம், அடுத்த வாரம் நீ வீட்லயே இரு" என்றான் அண்ணன். வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. மைதானத்தில் அண்ணனின் வரிசையில் உட்காருகிறவர்களுக்குக்கூட அந்தப் பெயர்தான் தெரியும். வளர்ந்த பிறகு போனதையும் சேர்த்து அவள் நேரில் பார்த்த ஆட்டங்கள் பதினேழு. அணி ஜெயித்தது ஒன்றில்கூட இல்லை.

கல்யாணமாகும்வரை அது வெறும் கேலிதான். கணவரின் வியாபாரம் ஒரே வருஷத்தில் படுத்துவிட்டது. சரக்கு தேங்கியதற்கும், கூட்டாளி கைவிட்டதற்கும், மழையில் கூரை ஒழுகியதற்கும்கூட, அவள் வந்த நேரம்தான் காரணம் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியோடு வெளியேறினாள். ஒத்துவரவில்லை என்று மட்டும்தான் வீட்டில் சொன்னாள். அதற்கப்புறம் அண்ணன் "பூஜ்யம்" என்று கூப்பிடும்போதெல்லாம் சிரித்துவைத்தாள். ஆட்டம் பார்க்க மட்டும் போகவில்லை.

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. ஜெயித்தால் அணி முதல் பிரிவில் தங்கும். சமன் செய்தால்கூட இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அன்றைக்குக் காலையில் அண்ணன் கடைக்கு வந்து நின்றான். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவன். வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது கண்ணாடி நழுவி விழுந்திருக்கிறது. எழுந்தவன் தன் பூட்ஸ் காலாலேயே அதை மிதித்துவிட்டான். மைனஸ் ஆறு பவர். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்றுகூடத் தெரியாது. மாற்றுக்கண்ணாடி ஒன்று செய்து வைத்துக்கொள் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அதையெல்லாம் பேச அன்றைக்கு நேரமில்லை.

அந்தப் பவரில் லென்ஸ் கடையில் இல்லை. மொத்த வியாபாரியிடமிருந்து மூன்றரைக்குத்தான் வரும் என்றார்கள். காத்திருந்து வாங்கிப் போ என்றாள். முதல் நிமிஷத்தை விட முடியாது, கண் தெரியாவிட்டாலும் காது இருக்கிறதே என்றான் அவன். பக்கத்து சீட்டு டிப்போ நண்பருடையது. அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். அவருடைய டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். கண்ணாடி தயாரானதும் உள்ளே கொண்டுவந்து கொடுக்கச் சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"குடுத்துட்டு உடனே கிளம்பிடு, சரியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சரி என்றாள்.

லென்ஸ் வந்ததும் கை தானாக வேகமெடுத்தது. ஆனாலும் அவசரத்தில் விளிம்பு சிதறினால் வேறு லென்ஸ் கிடையாது. மெஷினை நிதானமாகவே விட்டாள். இரண்டையும் மாட்டி, திருகை முடுக்கி, துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு அவள் மைதானத்தில் நுழைந்தபோது மணி நாலரை. எதிரணி ஏற்கனவே ஒரு கோல் போட்டிருந்தது.

அண்ணன் கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் பந்து எங்கே, பந்து எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடியை அவன் கையில் வைத்தாள். அவன் மாட்டிக்கொண்டு நிமிர்ந்த அதே நொடி எதிரணியின் இரண்டாவது கோல் விழுந்தது.

பின் வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். பல வருஷமாக அதே சீட்டு. அவர் குனிந்து பார்த்து, "ஓ, பூஜ்யம் வந்தாச்சா" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. வருத்தத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். இரண்டு மூன்று பேர் கசப்பாகச் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

கீழே கதவருகில் நின்ற காவலாளி, வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டோம் என்றார். அவள் தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். மேலே ஆயிரக்கணக்கான கால்கள் சிமென்ட் தளத்தில் உதைக்கிற அதிர்வு முதுகில் தெரிந்தது. இடைவேளை விசில் ஊதியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

மேலே வந்து உட்கார் என்றான். அவள் மாட்டேன் என்றாள். அவர் விளையாட்டுக்குச் சொன்னார், அதைப்போய் மனசில் வைத்துக்கொள்ளாதே என்றான். அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார், அண்ணா. எது கெட்டாலும் நான் வந்த நேரம்னு. ரெண்டு வருஷம் தினமும் சொன்னார். அதான் அந்த வீட்டை விட்டு வந்தேன்."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒன்பது வருஷமாக அவனுக்குத் தெரியாத விஷயம். அந்தப் பெயரை வைத்தவன் தான் என்பதும் அதே கணத்தில் உறைத்திருக்க வேண்டும். புதுக் கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத லென்ஸைச் சட்டையில் துடைத்தான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன்.

"கண்ணாடி போட்டதும் நல்லாப் பார்த்தேன். நம்ம கோல்கீப்பர் போஸ்ட்டை விட்டுட்டு எங்கயோ நிக்கிறான். அதுக்கு நீ என்ன பண்ணுவே? தோத்தா தோத்துட்டுப் போகட்டும். நீ என் பக்கத்துல உக்காரு."

போய் உட்கார்ந்தாள்.

அந்த இரண்டாம் பாதியின் தொடக்கம் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இப்போது தோற்றால் அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான், கரிசனமாகத்தான் நடந்துகொள்வான். அந்தக் கரிசனம் கேலியைவிட மோசமாக இருக்கும் என்று பட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷம் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தடுப்பாட்டக்காரன் ஒருவன் தலையால் உள்ளே தள்ளினான். எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. ஒன்றுதானே, இன்னும் இரண்டு வேண்டும் என்று முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எண்பதாவது நிமிஷம் பெனால்டி கிடைத்தது. அடிக்கப்போகிறவன் இடது பக்கம் பார்த்தான். வலதுதான் அடிப்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு வரவில்லை. வலது மூலையில் போட்டான். இரண்டுக்கு இரண்டு.

பத்து நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. கூடுதலாக நான்கு நிமிஷம் என்று பலகை காட்டினார்கள். மூன்றாவது நிமிஷம் கோல் வாசலில் ஏழெட்டுப் பேர் ஒரே குவியலாக விழுந்துகிடந்தார்கள். பந்து யாருடைய முட்டியிலோ பட்டு, மெதுவாக, உருளலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோலக் கோட்டைத் தாண்டியது. அழகான கோல் என்று யாரும் சொல்ல முடியாது. மைதானம் இடிந்து விழுவதுபோல் ஆரவாரம் எழுந்தது. அண்ணன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவளோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி விசில் ஊதியபோதுதான் முன்சீட்டைப் பிடித்திருந்த கையை விட்டாள். உள்ளங்கையில் பிளாஸ்டிக் விளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. "அப்பாடா" என்று ஒரு மூச்சு வெளியே வந்தது. ஒன்பது வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் முடியாமல் அழுதாள். சுற்றிலும் நிறையப் பேர் அழுதுகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து தபால்காரர் கைக்குட்டையை நீட்டினார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வயசாச்சே தவிர எனக்குப் புத்தி வரல."

கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு எல்லாம் புரியாமல் இல்லை. அவள் வந்ததால் தோற்கவும் இல்லை, வந்ததால் ஜெயிக்கவும் இல்லை. பதினொரு பேர் ஓடினார்கள், ஒரு பந்து யார் முட்டியிலோ பட்டது. அவ்வளவுதான். ஆனால் அதை அறிவால் தெரிந்துகொள்வது வேறு, தோள்கள் தளர்ந்து இறங்கத் தெரிந்துகொள்வது வேறு.

வெளியே வந்ததும் அண்ணன் வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்றான். வேண்டாம், நீ போய்க் காய்ச்சல்காரரிடம் சொல்லு என்று அனுப்பிவைத்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பக்கத்தில் வேலை முடிந்து வந்த ஒரு பெண் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஏன் இவ்வளவு கூட்டம், ஏதாவது தகராறா என்று கேட்டாள். ஆட்டம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். இவள் கார்னரிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணுக்குக் கார்னர் என்றாலே தெரியவில்லை. இருக்கையின் முதுகில் விரலால் கட்டம் போட்டு, கோல் இங்கே, கொடி இங்கே என்று விளக்கினாள். பெனால்டி வந்ததும் அந்தப் பெண்ணும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, அப்புறம்?" என்றாள்.

மூன்றாவது கோலைச் சொல்லி முடிக்கும்போது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. இறங்கித் திரும்பி நடந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. பாதி வழியில் பசி பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மூலைக்கடையில் ரொட்டியும் நாலு முட்டையும் வாங்கிக்கொண்டு, முட்டை உடையாமல் பையை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுப் படியேறினாள்.