ஒருசந்தி இருந்த கினிப்பன்றி

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆண்டு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பத்தொன்பது நாள் முன்பு, கப்பலில் வேலை பார்த்த மாமா விடுப்பில் வந்தார். கையில் ஒரு ஷூ பெட்டி. அந்த நாளை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்றுதான் நான் ஒரு நோட்டு போட்டேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெட்டிக்குள் ஒரு கினிப்பன்றி. வாலில்லாத, கொழுத்த, பழுப்பும் வெள்ளையுமான பிராணி. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, உலகமெல்லாம் சுத்துத. கடைசில ஒரு பெருச்சாளிதான் கெடச்சுதா ஒனக்கு?"

"இது நம்ம பஜார்ல வாங்குனது, அக்கா" என்றார் மாமா, அது பெரிய சமாதானம் போல.

அம்மா கெடு வைத்தாள். ஈஸ்டருக்குள் அது பயமில்லாமல் என் கையில் வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் மணப்பாட்டில் உள்ள மாமாவின் கூட்டாளி வீட்டுக்குப் போய்விடும். நடுங்கிக்கொண்டே கிடக்கும் உயிரை வைத்திருப்பது பாவம் என்பது அவள் கட்சி.

கையை அசைக்காமல் கூண்டுக்குள் வைத்திருந்தால் அதுவாக வரும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். அதன்படியே செய்தேன். பள்ளி விட்டதும் அம்மாவோடு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளுவேன். கையைத் தண்ணீரில் ஒரு அலசு அலசிவிட்டு, கொத்தமல்லித் தண்டோடு கூண்டுக்குள் நீட்டுவேன். நோட்டு சொல்கிறது: முதல் நாள், கத்தியது. இரண்டாம் நாள், கத்தியது. ஏழாம் நாள், கத்திவிட்டுக் கடித்தது.

பிறகு தவக்காலம் வந்தது. நாற்பது நாள் என்பார்கள். ஞாயிறுகளைச் சேர்த்தால் நாற்பத்தாறு. எங்கள் வீட்டில் ஒருசந்தி, அதாவது நோன்பு, சேர்த்துத்தான். மீனும் கறியும் வாசல்படி ஏறாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு மீன் இல்லாத சோறு மருந்து மாதிரி. முணுமுணுத்துக்கொண்டே விழுங்குவார்.

தவக்காலத்தின் ஒன்பதாம் நாள் கினிப்பன்றி கத்துவதை நிறுத்தியது. பதினான்காம் நாள் தண்டைக் கையிலிருந்து வாங்கித் தின்றது. இருபத்து மூன்றாம் நாள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, விரல் இடுக்கில் மூக்கை நுழைத்துத் தூங்கியே விட்டது. காரணம் எனக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. எழுதி வைத்தேன்: 'இதுவும் ஒருசந்தி இருக்கிறது. அதனால் சாந்தமாகிவிட்டது.'

"நம்ம வீட்ல முணுமுணுக்காம ஒருசந்தி இருக்கது அது ஒண்ணுதான்" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்தபடி.

ஈஸ்டர் மதியம் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தார்கள். சீலா மீன் குழம்பும் வறுவலும். நான் நான்கு துண்டு தின்றேன், அப்பா எண்ணிக்கைக்கு அப்பால் போயிருந்தார். சாப்பிட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் கூண்டருகே கூட்டிப்போய்க் கையை நீட்டினேன்.

அது ஓடி வந்தது. மோந்தது. வீல் என்று கத்தி என் சுண்டுவிரலைக் கடித்துவிட்டு, கூண்டு மூலையில் அதற்கு வளையாகப் போட்டிருந்த ஷூ பெட்டிக்குள் பாய்ந்தது.

"ஒருசந்திய நாம விட்டுட்டோம்னு கோவப்படுது" என்றேன், அழுதுகொண்டே.

"ஏளா, அத எங்கூட அனுப்பு. மணப்பாட்டுல ஒரு ஞானஸ்நானம் குடுத்துருவோம்" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. மறுநாள் அவர் மணப்பாட்டுக்குப் போவதாக இருந்தது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடிபட்ட என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, ஏனோ, மோந்தும் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் கெடக்கட்டும்" என்றாள். "கெடு வச்சது நான்தான?"

ஈஸ்டருக்குப் பிறகு பதினோரு நாள் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. வெயிலுக்கு மீன் சூடு என்றாள். நான்காம் நாள் கினிப்பன்றி கைக்கு வந்தது, பிறகு மணப்பாட்டுக்குப் போகவே இல்லை. பன்னிரண்டாம் நாள் மீன் வந்தபோது குழாயடியில் புளியும் சோப்பும் வைத்திருந்தாள். முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் கூண்டைத் தொடக்கூடாது என்பது புதுச் சட்டம்.

புல் தின்னும் பிராணிக்கு மீன் கவிச்சி எப்படிப்பட்ட பீதி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நோட்டில் அதற்கு இடமே இல்லை. கினிப்பன்றி என்னை மன்னித்ததாக நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். நாற்பத்தாறு நாள் மீனுக்குக் காத்திருந்த மனிதரைப் பற்றி, அந்தப் பதினோரு நாளில் ஒரே ஒரு வரி: 'அப்பா இன்றும் ரசம். காரணம், வெயில்.'