முப்பத்தோராம் நாளுக்கு வைத்திருந்த பெயர்

எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். யாராவது கேட்டால் இரண்டு என்றுதான் சொல்கிறேன்.

முதல் இருவரின் பெயரும் 'னி' என்று முடியும். மூன்றாவது வயிற்றில் இருந்தபோதே அதுவும் தங்கச்சிதான் என்று முடிவு கட்டி, இருவரும் என் போனைப் பிடுங்கி 'னி'யில் முடியும் பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒவ்வொரு பெயருக்கும் கருத்து என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினேன். பத்மினி, நளினி இரண்டும் வடமொழி, தாமரை. மாலினி, மாலை போட்டவள். யாழினி நம்முடைய தமிழ், யாழிலிருந்து வந்தது. யாமினி என்றால் இரவாம். இருட்டையா பிள்ளைக்கு வைப்பது என்று பயந்து உடனே வெட்டிவிட்டேன்.

"தாரணி நல்லா இரிக்கு" என்றாள் இளையவள்.

"விசரி, அது மூண்டு சுழி. நம்மட ரெண்டு சுழி. மோகினி எண்டு வையுங்கம்மா, ராவில கத்தக்குள்ள பொருத்தமா இரிக்கும்" என்றாள் மூத்தவள்.

ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கையில் கட்டியிருந்த பட்டியில் என் பெயரும் 'குழந்தை' என்ற சொல்லும் மட்டும் இருந்தன. நான் அங்கேயே தங்கி, மூன்று மணிக்கொரு தடவை பால் பீய்ச்சிக் கொடுத்தேன்.

எங்களில் முப்பத்தோராம் நாள் தீட்டுத் துடக்கு கழித்துத்தான் பெயர் வைப்போம். பக்கத்துக் கட்டிலில் இருந்த, ஏறாவூர் முஸ்லிம் பெண்ணின் மகளுக்கு ஏழாம் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாள்.

"நீங்களும் ஒண்டு சொல்லிக் கூப்பிடுங்க கா. புள்ளைக்குக் காது கேக்கும்."

"நம்மட ஆக்கள் முப்பத்தொண்டுக்குத்தான்."

"அதுவரைக்கும் 'ஏய்' எண்டா கூப்பிடுற? 'னி' தானே வேணும்? நூரானி எண்டு வையுங்க. அறபில நூர் எண்டா வெளிச்சம். சும்மாதான் தாறன், எடுங்க."

சிரித்துவிட்டு அதையும் கொப்பியில் எழுதினேன். உண்மையில் அதற்கு முன்பே ஒரு பெயரை நான் தெரிவு செய்து வைத்திருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. பஸ் பிந்தினாலே கவிழ்ந்திருக்கும் என்று நினைக்கிற மனம் எனக்கு. நாள் வருமுன் வாயால் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

பின்னேரம் பார்க்க வந்த கணவர் கேட்டார். "பேரச் சொல்லன், நானாவது கூப்பிட்டுப் பாக்கன்."

"முப்பத்தொண்டு வரட்டும்."

"நீயொரு பயந்தாங்கொள்ளி."

பதினேழாம் நாள் ஏறாவூர்ப் பெண் பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். இருபத்திரண்டாம் நாள் காலை, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்று டொக்டர் சொன்னார். நர்ஸ் மிஸ் பெட்டியின் சின்னக் கதவைத் திறந்து, "கைய வச்சு, பேர் சொல்லிக் கதையுங்க" என்றார்.

அவளுடைய உள்ளங்காலில் என் விரலை வைத்தேன். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. இன்னும் ஒன்பது நாள் கிடக்கிறதே என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைத்தேன். "புள்ள, அம்மா இஞ்சதான் நிக்கன்" என்று மட்டும் சொன்னேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

இறப்புப் பதிவுக் கடுதாசியில் பெயர் கேட்ட இடத்துக்கு வந்ததும் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஒரு கோடு இழுத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் விடிந்ததிலிருந்து வாசலில் இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம். ஆனால் யாரைக் கூப்பிட?

"கொப்பியில வெட்டாமக் கிடக்கிறதில எதும்மா அவட பேரு?" என்று மூத்தவள் ஒருநாள் கேட்டாள். கொப்பியை வாங்கிச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அந்தப் பெயரை ஒரு தடவையாவது எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இனி எந்தக் கண் படப் போகிறது? ஆனாலும் கை போகவில்லை.