இடமிருந்து மூன்றாமவர்

தோர்வால்ட் ப்ரான்மார்க் 1931 மார்ச்சில் ஸ்வீடனின் ஸ்காராவில் பிறந்தார். வாரநாட்களில் வெண்ணெய் ஆலையில் வேலை. வெள்ளி, சனிக்கிழமைகளில் 'எல்மெர்ஸ்' நடனக் குழுவில் சாக்ஸபோன். 1963இல் குழுவில் சேர்ந்தார். குழுவின் முதல் பெரிய இசைத்தட்டு 1974இல் பதிவானது. அதன் அட்டையில் தம் முகம் வர வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அட்டைப் படத்துக்காக ஆறு பேருக்கும் ஒரே துணியில் உடுப்பு தைத்திருந்தார்கள்: வெளிர்நீலக் கோட்டு, மார்பில் கொசுவம் அடுக்கிய ஆரஞ்சுச் சட்டை, வெள்ளைக் காலணி. அளவெடுத்தது பிப்ரவரியில். ஏப்ரலில் நுரையீரல் நோவுக்கு உட்கொண்ட மாத்திரைகளால் தோர்வால்டின் உடம்பு ஊதியது. படமெடுப்பதற்குள் வடிந்துவிடும் என்று நம்பி யாரிடமும் சொல்லாமலிருந்தார். வடியவில்லை. தையற்காரரிடம் துணியும் மிச்சமில்லை.

"பித்தான் போடாம நிக்கறேன், எல்மெர். சாக்ஸபோன வச்சு வயித்த மறைச்சுக்கறேன்."

குழுத் தலைவர் எல்மெர் அவருக்கு எட்டு வயது இளையவர். "அஞ்சு பேரு பூட்டி ஒருத்தர் தொறந்து நின்னா, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்ண்ணே."

"அப்ப ஆறு பேரும் தொறந்து விடுங்க."

"இந்தக் கொசுவத்தோடயா? சேவச் சண்டைக்குப் போறோம்னு நெனைப்பாங்க."

தோர்வால்ட் மூச்சை இழுத்துப் பித்தானைப் பூட்டினார். இழுத்த மூச்சு இருமலாகத் திரும்பியது. கோட்டின் முதுகுத் தையல் கழுத்துவரை பிரிந்தது.

படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்திருந்தார் எல்மெரின் மைத்துனர் ஷெல். வங்கி எழுத்தர், ஒல்லி. எல்மெர் தோர்வால்டின் கோட்டைக் கழற்றி வாங்கி, முதுகில் ஊசி குத்தி, ஷெல்லுக்கு மாட்டி, இடமிருந்து மூன்றாவதாக நிறுத்தினார்.

"எனக்கு ஊதத் தெரியாதே, அத்தான்."

"அட்டைல எவன்டா பாட்டுக் கேக்கப் போறான்? சிரி, போதும்."

ஷெல் வலது கையை மேலே வைத்து சாக்ஸபோனைப் பிடித்திருந்தார். விளக்குகளுக்கு அப்பால் நின்ற தோர்வால்ட் அருகே போய் அவருடைய கைகளை மாற்றி வைத்தார்.

"இடது கைதான் மேல. தெரிஞ்சவன் பாத்தா சிரிப்பான்."

அந்தக் கோடையில், ஒவ்வொரு நடனம் முடிந்தபின்னும் மேடையோரத்தில் இசைத்தட்டு விற்றார்கள். ஒருமுறை ஒரு பெண் அட்டையை நீட்டி, தோர்வால்டிடமே கேட்டார்: "இந்த ஒல்லியானவரு இன்னைக்கு வரலியா?"

"அவருக்கு ஒடம்பு சரியில்லம்மா," என்றார்.

தோர்வால்ட் 1976 நவம்பரில் இறந்தார். அதற்குள் அந்த அட்டை நான்கு முறை அச்சாகியிருந்தது: மொத்தம் 14,200 பிரதிகள்.