சிவப்பு பிளேட்டுக்குத் துணை ஆள்

பெரம்பலூர் துறையூர் சாலையில் இருக்கிற கார் ஷோரூமில் ஞானப்பிரகாசத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், யாருக்கும் நேராகச் சொல்ல வராது. காரோடு போய் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான்.

பதிவாகாத வண்டியை ரோட்டில் எடுக்க ஷோரூம்காரர்களுக்குச் சிவப்பு நம்பர் பிளேட் உண்டு. ஓட்டிக் காட்ட, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக என்று சில காரியங்களுக்குத்தான் அதை மாட்டலாம். வெளி ஆள் ஓட்டினால் ஷோரூம் ஆள் ஒருவர் வண்டிக்குள் இருந்தாக வேண்டும். முதலாளி தமிழ்மாறன் சட்டத்தில் இந்தக் கடைசி வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சர்வீசுக்குக் கார் விட்ட பெரிய புள்ளி யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், புதுக் காரில் சிவப்பு பிளேட்டை மாட்டி, முன்சீட்டில் ஞானப்பிரகாசத்தையும் ஏற்றி இரவல் அனுப்பிவிடுவார். போலீஸ் மறித்தால் டெஸ்ட் டிரைவ். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வருகிற டெஸ்ட் டிரைவ்!

ஒருமுறை செட்டிகுளம் மலைக்குப் போன குடும்பத்தில் ஒரு குழந்தை, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டது. "அது வண்டியோட வந்தது கண்ணு" என்றாள் தாய். ஞானப்பிரகாசமும் சேர்ந்து சிரித்து வைத்தான். வேறென்ன செய்வான்?

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்குக் காரணம் இருந்தது. அரசு பஸ் டிரைவர் வேலைக்கு எல்லாத் தேர்விலும் தேறிவிட்டான். போலீஸ் விசாரணை மட்டும்தான் பாக்கி. பெயரில் ஒரு கேஸும் இருக்கக் கூடாது. "இந்தச் சனியன் புடிச்ச வேலைய விட்டுத் தொலைங்களேன்" என்று ஏலாக்குறிச்சி வீட்டில் மனைவி சுகன்யா மேரி தினமும் கத்துவாள். "ஆர்டர் கைக்கு வரட்டும்டி, அதுவரைக்கும் சோத்துக்கு என்ன பண்றது?" என்பான்.

அந்த நேரம் பார்த்துத்தான் உடையார்பாளையத்து ராஜராஜன் தன் காரை சர்வீசுக்கு விட்டார். நிலபுலம் உள்ள மனுஷன், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்பு வேறு. வழக்கம்போல சிவப்பு பிளேட் கார் போயிற்று, ஞானப்பிரகாசமும் போனான். ஸ்டியரிங்கில் ராஜராஜன். அரியலூர் தாண்டியதும் ஒரு கையில் போன், வாயில் யாரையோ வசவு. "ரோட்டப் பாத்துங்க" என்று ஞானப்பிரகாசம் சொன்னதற்கு, "நீ பிளேட்டுக்கு வந்தவன், வாய மூடிட்டு உக்காரு" என்றார்.

உடையார்பாளையத்துக்குச் சற்று முன்னால், எதிரே மொபெட்டில் பால் கேனோடு வந்த ஒருத்தரைக் கார் அடித்துத் தூக்கியது. பால் ரோடெல்லாம் ஓடியது. அவர் கால் பார்க்கச் சகிக்கவில்லை. ஞானப்பிரகாசம் பதறி ஓடித் தூக்கினான். ராஜராஜன் இறங்கி, யாரிடமோ பேசிவிட்டு வந்து போனை அவன் காதில் வைத்தார். மறுமுனையில் தமிழ்மாறன்.

"ஞானம், நீதான் ஓட்டுனேன்னு சொல்லிடு. அவரு வண்டி வாங்க வந்தவரு இல்ல, இரவலுக்குக் குடுத்தோம்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ் போச்சு, பிளேட்டும் போச்சு. கடையையே இழுத்து மூடணும்."

"எனக்கு பஸ் வேலை வரப் போவுதுங்க, சார்."

"அட, கேஸ நான் உடைச்சுத் தரேன்யா. இங்க வேலை உனக்கு எப்பவும் இருக்கு. மாட்டேன்னா, இப்பவே வூட்டுக்குப் போயிரு."

அடிபட்டவர் கத்துகிற கத்தல் ஒரு பக்கம், வீட்டு அடுப்பு ஒரு பக்கம். போலீஸ் வந்து கேட்டபோது "நான்தாங்க" என்று சொல்லிவிட்டான். மடையன்! வேறு எப்படிச் சொல்ல?

கேஸ் எவராலும் உடையவில்லை. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். பஸ் வேலைப் பட்டியலில் அவன் பெயரை அடித்தார்கள். ஷோரூமுக்குப் போய் நின்றான். தமிழ்மாறன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஆள இடிச்சவன பிளேட் வண்டில உக்கார வச்சா நாளைக்கு யாருய்யா என் கடைக்கு வருவா? வீரமுத்துவ அந்த வேலைக்குப் போட்டாச்சு. நீ கெளம்பு."

"நான் இடிக்கலைங்கறது உங்களுக்குத் தெரியாதா, சார்?"

"ஸ்டேஷன்ல நீதான சொன்ன?"

ஒரு வாய்த் தண்ணீர் குடி என்றுகூட அந்த ஆள் சொல்லவில்லை.

இனி ஒரே வழி, அடிபட்டவர். அவர் பெயர் ராசாங்கம். அரியலூர் ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் படுத்திருந்தார். அவன் உள்ளே நுழைந்ததும் அவர் மனைவி ஜெகதாம்பாள், "என் குடியக் கெடுத்த பாவி" என்று சட்டையைப் பிடித்துவிட்டாள். ராசாங்கம்தான் அதட்டினார்.

"விடு புள்ள. இவன் ஓட்டல."

ஞானப்பிரகாசத்துக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களாங்க?"

"கண்ணாடிக்குள்ள அவரு மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. என்னத் தூக்குனது நீ."

அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெட்கமே இல்லாமல் அழுதான். "இத ஜட்ஜுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அண்ணே. என் பொழப்பு திரும்பிடும்."

ராசாங்கம் கையை உருவிக்கொண்டார்.

"நாங்க உழுவுறது அந்த ராஜராஜன் அய்யா நெலம், தம்பி. கால் போனதுக்கு அப்புறம் நேத்து வந்து பாத்தாரு. நெலத்த உங்கிட்டயே விட்டு வைக்கிறேன், கோர்ட்டுல அந்தப் பயலக் கை காட்டுன்னாரு. கை காட்டத்தான் போறேன். மனசுல வச்சுக்காத."

ஜெகதாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானப்பிரகாசம் எழுந்தான்.

"அந்தத் தண்ணி பாட்டில எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றார் ராசாங்கம். எடுத்துக் கொடுத்தான்.